கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. போன மாதம் ஒருநாள் காலை 6 மணிக்கு எழுப்பப் போனபோது வாய் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. ஆம்புலன்ஸ் 25 நிமிடத்தில் வந்தது. வந்தவர்கள் உடனே கிளம்பாமல் சர்க்கரை, பிரஷர் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 7 மணிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, 8.15-க்கு “இங்கே ஸ்கேன் இல்லை” என்றார்கள். அங்கே நின்றிருந்த ஒருவர் வேறு வண்டி பிடித்து, தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுப்பவர் வரவில்லை. மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 9.40. எப்போது கடைசியாக நன்றாக இருந்தார் என்று கேட்டார்கள். ராத்திரி 10 மணிக்குப் படுத்தார் என்றோம். ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பாத்ரூம் போனார், நன்றாகப் பேசினார் என்று அம்மா மறுநாள்தான் சொன்னார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் எங்கள் காரிலேயே போயிருந்தால் அந்தக் கை பிழைத்திருக்குமா? மறுபடி பக்கவாதம் வந்தால் என்ன செய்வது?

பதில்: காரைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். கார் உங்களுக்கு இருபது நிமிடம் மிச்சப்படுத்தியிருக்கும். அப்புறம் அதே பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். உங்கள் நேரம் ரோட்டில் போகவில்லை. 7 மணியிலிருந்து 9.40 வரை மூன்று வாசல்களில் போயிருக்கிறது.

பெரும்பாலான பக்கவாதத்துக்குக் காரணம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் சிலருக்கு அடைப்பு இருக்காது, ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கும். அவர்களுக்கு இந்த ஊசி போட்டால் ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றும். பிரித்துச் சொல்வது சிடி ஸ்கேன். ஆகவே ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரி, பக்கவாத நோயாளிக்கு டிரிப்ஸ் வசதியுள்ள ஒரு திண்ணை, அவ்வளவுதான். அங்கே உங்கள் அப்பா ஒன்றேகால் மணி நேரம் படுத்திருந்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சர்க்கரை பார்த்ததைத் தாமதம் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் கை விழும், பேச்சு குழறும். பக்கவாதம் என்று எங்களிடம் தூக்கி வந்த ஒரு பெரியவருக்குச் சர்க்கரை 38 இருந்தது. குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில், அதுவரை துவண்டு கிடந்த கையாலேயே மகனைத் தள்ளிவிட்டு, “எதுக்குடா எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?” என்றார். அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு ஒரு நிமிடம் கொடுக்கலாம்.

அவர்கள் செய்யாமல் விட்டது வேறு. நேரம் கேட்கவில்லை. போகிற ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, “ஸ்ட்ரோக் கேஸ் வருகிறது, ஸ்கேன் தயாரா?” என்று கேட்கவில்லை. வீட்டு வாசலுக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி வந்தது என்றுதான் கணக்கெடுக்கிறார்கள்; சரியான வாசலில் இறக்கியதா என்று யார் கணக்கெடுக்கிறார்கள்? எனக்கு இதில் பொறுமை போய் வெகுநாளாகிறது.

இப்போது அந்த நேரக் கணக்கு. உங்கள் கேள்வியில் எனக்கு மனது கேட்காத இடம் இதுதான்.

தூக்கத்திலிருந்து எழும்போதே பக்கவாதத்தோடு எழுந்தவருக்கு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் பார்த்த நேரத்திலிருந்து கணக்கு வைக்கிறோம். நீங்கள் கண்டுபிடித்த 6 மணி இதற்கு உதவாது. நீங்கள் சொன்ன 10 மணி சரியான கணக்காக இருந்திருக்கும், அம்மா 4 மணிக்கு அவரோடு பேசாமல் இருந்திருந்தால். 10 மணியிலிருந்து எண்ணினால் நாலரை மணி நேரம் ராத்திரி 2.30-க்கே முடிந்துவிடுகிறது. 4 மணியிலிருந்து எண்ணினால் காலை 8.30 வரை இருக்கிறது. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது உங்கள் கையில் இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்தது. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆளிடம் யாருமே கேட்கவில்லை.

அதனால் பக்கத்தில் படுத்தவரைக் கேளுங்கள். பாத்ரூம் போனாரா, தண்ணீர் கேட்டாரா, இருமினால் போதாது, பேசினாரா, நடந்தாரா? அவருடைய போனைத் திறந்து பாருங்கள்; விடியற்காலை 5.10-க்கு யாருக்காவது ஒழுங்காக ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அதுவும் சாட்சிதான். நேரத்தைத் தாளில் எழுதுங்கள், அதைப் பார்த்தவரையே வண்டியில் ஏற்றுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், எல்லாம் தெரிந்த அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாப்பிள்ளை வண்டியில் ஏறி வருவார்.

யாரும் பார்க்கவில்லை, உண்மையிலேயே 10 மணிதான் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. தூக்கத்தில் வந்த பக்கவாதத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, பாதிப்பு புதிதாகத் தெரிந்தால் சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வந்த வேறு இரண்டு ஆய்வுகள், பெரிய ரத்தக்குழாய் அடைபட்டவர்களில் சிலருக்கு, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை பலன் தருவதைக் காட்டின. ஒன்று 16 மணி நேரம் வரை, இன்னொன்று 24 மணி நேரம் வரை. ஆகவே “நேரம் தாண்டிவிட்டது” என்று ஒரு டாக்டர் சொன்னால், “ஊசிக்கா, கட்டியை எடுப்பதற்குமா?” என்று நீங்கள் கேட்க வேண்டும். 9.40-க்கு அந்த இரண்டாவது கேள்வியை யாராவது கேட்டார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

அடுத்து, “அங்கே நின்றிருந்த ஒருவர்.” அவரை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஊர்க்காரரை அல்ல, அந்த வகையை. கேஷுவால்டி வாசலில் நிற்பார், தோளில் கை வைப்பார், “கவலைப்படாதீங்க, நான் பேசிட்டேன், ஐசியுவில் பெட் போட்டு வச்சிருக்காங்க” என்பார். சில இடங்களில் வண்டி ஓட்டுபவரே அவர். கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் கமிஷன். அவர் சொல்லும் வாக்கியத்தைக் கவனியுங்கள்: பெட் பற்றித்தான் இருக்கும், ஸ்கேன் பற்றி இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் அப்பாவுக்கு வேண்டியது பெட்டே கிடையாது. “ஸ்கேன் இப்போது ஓடுகிறதா, எடுப்பவர் உள்ளே இருக்கிறாரா, கட்டி கரைக்கும் ஊசி இப்போதே போடுவார்களா?” என்று கேட்டுப் பாருங்கள். தோளிலிருந்து கை எடுபடும்.

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதாக இருந்தால், இங்குள்ள டாக்டர் அங்குள்ள டாக்டரோடு போனில் பேச வேண்டும், உங்கள் காதுபட. கையில் ஒரு சீட்டு வேண்டும்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், சர்க்கரை, பிரஷர், கொடுத்த மருந்து. இரண்டும் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். புரோக்கர் பிடித்துத் தரும் வண்டியில் டிரைவர் மட்டும்தான் இருப்பார். ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று ஏறும்முன் பாருங்கள். “24 மணி நேர அவசர சிகிச்சை” என்ற போர்டையும் நம்பாதீர்கள். பல இடங்களில் 24 மணி நேரமும் எரிவது அந்த போர்டின் விளக்கு மட்டும்தான்.

இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் தேவை என்பார்கள். ஜெர்மனியின் ஹோம்பர்கில் 2008-இலேயே ஆம்புலன்ஸுக்குள் சிடி ஸ்கேனை வைத்தார்கள், உண்மைதான். ஆனால் என்னைப் பொறாமைப்பட வைப்பது பின்லாந்தின் ஹெல்சின்கி. அங்கே நோயாளி வாசலுக்கு வந்து ஊசி ஏறும்வரை 1998-இல் ஏறக்குறைய 105 நிமிடம் ஆனது. 2011-இல் 20 நிமிடம். செய்தது என்ன? ஆம்புலன்ஸிலிருந்தே முன்கூட்டி போன். வந்தவரை வார்டில் படுக்க வைக்காமல், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோடு நேராக ஸ்கேன் அறை. ஊசியும் அங்கேயே. தள்ளுவண்டிக்கும் போனுக்கும் எந்த பட்ஜெட் ஒப்புதல் வேண்டும் என்று தெரியவில்லை.

சரி, மறுபடி வந்தால்? முகம் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல், இதில் ஒன்று தெரிந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட, புரையேறும். ஆஸ்பிரின் வேண்டாம். பிரஷர் 190 இருந்தால் பதறி நாக்கின் அடியில் மாத்திரை வைக்காதீர்கள், சடாரென்று இறக்கினால் மூளைக்குக் கிடைக்கும் கொஞ்ச ரத்தமும் குறையும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த அட்டையையும் கடைசி வேளை நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரை இப்போதே முடிவு செய்து, போன் நம்பரோடு கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பெரிய பெயராக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேனும் ஊசியும் நிஜமாகவே உள்ள பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி போதும். எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 2 மணிக்கு அந்த நம்பருக்குப் போன் செய்து, சிடி எடுப்பவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். “காலையில் வாங்க” என்று பதில் வந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததை எழுதுங்கள்.