'ரிவர்ஷன்' என்றதும் உங்கள் மகள் கேட்ட கேள்வி

வணக்கம் அம்மா. பெங்களூரு அல்சூரில் அன்று அவ்வளவு பேசியும் உங்கள் கவலை தீரவில்லை போலிருக்கிறது. பி.யூ.சி.யில், அதாவது பிளஸ் டூவில், பயாலஜி படித்தவள் சட்டத்துக்குப் போனால் இரண்டு வருஷம் வீண்தானே என்று கேட்கிறீர்கள்.

அன்று அவளிடம் 'ரிவர்ஷன்', அதாவது பழையபடி திரும்புதல், என்ற சொல்லை எடுத்தது காரணமாகத்தான். மரபியலிலும் அது உண்டு, சொத்துச் சட்டத்திலும் உண்டு. முதலில் டார்வினின் புறாக்களைச் சொன்னேன். வெள்ளைப் புறாவையும் கறுப்புப் புறாவையும் இணைத்து, குஞ்சுகளை மறுபடி கலந்தபோது, பேரக்குஞ்சு ஒன்று நீல நிறத்தோடும் இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையோடும் ஆதி மாடப்புறாவைப் போலவே வந்தது. கெட்டுப்போன மரபணு இன்னொரு மாற்றத்தால் பழைய வேலைக்குத் திரும்புவதற்கும் இதே பெயர்தான். "ஓ, சரி அங்கிள்" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் சொத்து. ஒருவர் தம் வீட்டைத் தம்பிக்கு ஆயுள்வரை அனுபவிக்க மட்டும் எழுதிக்கொடுக்கிறார். தம்பி காலத்துக்குப் பின் அது எழுதிக்கொடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ திரும்பிவிடும். 99 வருஷக் குத்தகை நிலமும் அப்படித்தான். சொல்லி முடிப்பதற்குள், "நடுவில் தம்பி விற்றுவிட்டால்?" என்றாள். வாங்கியவருக்கும் தம்பியின் ஆயுள்வரைதான் என்றேன். "அப்போ புருஷன் சொத்து விதவைக்கு?" அந்தக் காலத்தில் அவள் அனுபவிக்கலாம், இஷ்டப்படி விற்க முடியாது, அவளுக்குப் பின் கணவன் வழி வாரிசுகளுக்குப் போய்விடும். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் அதை அவளுக்கு முழு உரிமையாக்கியது. இதைக் கேட்டு உங்கள் மகள் பேனாவை எடுத்தாளே, நீங்கள் கவனித்தீர்களா? நான் மதிப்பெண் பட்டியலைவிட இதைத்தான் நம்புவேன்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். 2 மணி நேரம், 120 கேள்வி. பெரும்பாலும் பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. நாகரபாவி சட்டப் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஆனால் இடத்துக்குப் போட்டி கடுமை.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டன்ட் ஏஜென்ட், அதாவது கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிப்பவர், ஆவதற்கான தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருஷ பி.ஏ.எல்.எல்.பி. படித்தால் அந்தக் கதவு மூடிவிடும். அதில் ஆசையிருந்தால் முதலில் பி.எஸ்சி., பிறகு மூன்று வருஷ எல்.எல்.பி. இதை அவளிடம் கேட்டுப் பாருங்கள், நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது உங்கள் ஊர் வீட்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று கொண்டுவாருங்கள். படித்துப் பார்க்க வேண்டுமாம், கிளம்பும்போது என்னிடம் தனியாகக் கேட்டாள்.