மருத்துவர் பதில்: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்துக்கு உறவினர் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: என் அக்கா மகளுக்கு 7 வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாலசீமியா மேஜர் (உடல் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை ரத்தநோய்) என்று கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி வருகிறோம். அவளுடைய 11 வயது அண்ணனின் ஹெச்எல்ஏ (திசுப் பொருத்தத்தைக் காட்டும் குறியீடு) முழுமையாகப் பொருந்தியிருப்பதால், வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு நாள் குறித்துள்ளார்கள். அக்காவும் மாமாவும் சில மாதங்கள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். மாமா சரக்கு வேன் ஓட்டுகிறார். 3 வயதுக் கடைக்குட்டியை என் அம்மா ஊரில் பார்த்துக்கொள்வார். பையனின் முதுகெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள், அவன் நடக்க முடியாமல் போய்விடும் என்று மாமா வீட்டில் சிலர் அக்காவைப் பயமுறுத்துகிறார்கள். இந்த நோயே எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்றும் பேசுகிறார்கள். என் ரத்தப் பிரிவும் குழந்தையின் ரத்தப் பிரிவும் ஒன்று என்பதால் நானே ரத்தம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். தாய்மாமனாக நான் வேறு என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த முதுகெலும்பு அச்சத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் நாள்வரை அது உங்கள் அக்காவைத் தூங்கவிடாது. ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையை எடுப்பது முதுகெலும்பிலிருந்து அல்ல. இடுப்பு எலும்பின் பின்புற விளிம்பிலிருந்து. பையனுக்கு முழு மயக்க மருந்து கொடுத்து, ஊசி மூலம், பெறுபவரின் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 முதல் 20 மில்லி வரை எடுப்பார்கள். கொடுப்பவரின் எடையையும் கணக்கில் கொண்டே அளவை முடிவு செய்வார்கள். அந்த இடத்தில் தண்டுவடம் இல்லை என்பதால் கால்கள் செயலிழப்பதற்கான வழியே இல்லை. சில நாள்களுக்கு இடுப்பில் வலி இருக்கும், கொஞ்சம் சோர்வு இருக்கும், சில வாரங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படலாம். எடுத்த மஜ்ஜையை அவன் உடல் சில வாரங்களில் தானே ஈடுசெய்துகொள்ளும். மயக்க மருந்துக்கே உரிய சிறிய ஆபத்து இதிலும் உண்டு. அதை மயக்கவியல் மருத்துவரிடம் பெற்றோர் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பையனின் உடலைவிட அவன் மனத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வீட்டில் எல்லோரும் அவனிடம் "நீதான் தங்கச்சியைக் காப்பாற்றப் போகிறாய்" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனாலும் 11 வயதுச் சிறுவன் தாங்கக்கூடிய சுமை அல்ல அது. சிகிச்சையில் சிக்கல் ஏதேனும் வந்தால், தன் மஜ்ஜை சரியில்லாததால்தான் அப்படி ஆனது என்று அவன் தனக்குள் முடிவு கட்டிக்கொள்வான். அதை யாரிடமும் சொல்லவும் மாட்டான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுவர்களிடமிருந்து மஜ்ஜை பெறும்போது பெற்றோரின் ஒப்புதலோடு அந்தக் குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்றும், அவன் நலனை மட்டுமே பார்க்கும் ஒருவர் தனியே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மருத்துவமனை தன் பங்குக்கு ஏற்பாடு செய்யும். குடும்பத்துக்குள் அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். நடக்கப்போவதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள், அவன் பயத்தைக் கேளுங்கள், விளைவு எதுவானாலும் அது அவன் கையில் இல்லை என்பதைச் சிகிச்சைக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மஜ்ஜை எடுத்த மறுநாளிலிருந்து வீட்டின் பார்வை முழுவதும் தங்கைமீது திரும்பிவிடும். அப்போது அவன் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும்.

அடுத்து, ரத்தம். உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் உங்கள் ரத்தம் அவளுக்குச் சேரக் கூடாது. நெருங்கிய ரத்த உறவினரின் அணுக்கள் உடலில் ஏறினால், அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகி, புதிய மஜ்ஜை ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும் என்பதால் மாற்று சிகிச்சைக்கு முன் அதைத் தவிர்ப்பார்கள். சிகிச்சை தொடங்கியபின் அவளுக்கு ஏற்றப்படும் ரத்தமும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) கதிர்வீச்சு செலுத்திப் பக்குவப்படுத்தப்பட்டவையாகத்தான் இருக்கும். நீங்கள் செய்யக்கூடியது கொடையாளர்களைத் திரட்டுவது. பிளேட்லெட் எடுத்த நாளிலிருந்து 5 நாள்கள் வரைதான் சேமிப்பில் தாங்கும், எனவே ஒரே நாளில் 20 பேர் வந்து நிற்பதால் பயன் இல்லை. 20 பேர் அடுத்தடுத்த வாரங்களில் அழைத்தபோது வருவதுதான் தேவை. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் நண்பர்கள், கல்லூரித் தோழர்களின் பெயர், ரத்தப் பிரிவு, தொலைபேசி எண் ஆகியவற்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர் 3 நாள்களுக்குப் பிளேட்லெட் கொடுக்க முடியாது. எடையும் கை நரம்பும் போதுமானவையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டால் இரவில் அலைச்சல் மிச்சம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடந்து வருகிறது. பெருமளவில் தாலசீமியாக் குழந்தைகளுக்கு. உடன்பிறந்தவரின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒன்றுதான், அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அண்ணன் தாலசீமியாக் கடத்தியாக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருந்தாலும்கூட மஜ்ஜை கொடுக்கலாம். ஆனாலும் இது எளிதான சிகிச்சை அல்ல என்பதை உறவினர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தால்தான் நடுவில் பதறமாட்டார்கள். முதலில் ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேல், அவளுடைய பழைய மஜ்ஜையை அழிக்கக் கீமோ கொடுப்பார்கள். அதன்பின் வருவது "டே ஜீரோ"; அன்று அண்ணனின் மஜ்ஜை, ரத்தம் ஏற்றுவதைப் போலவே, நெஞ்சில் பெரிய ரத்தக்குழாய்க்குள் பொருத்திய சென்ட்ரல் லைன் என்ற மெல்லிய குழாய் வழியாக உள்ளே செல்லும். பார்க்க எதுவுமே நடக்காத நாள்போல இருக்கும். கடினமான காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: வாய் முழுக்கப் புண், எச்சில்கூட விழுங்க முடியாத வலி, காய்ச்சல், முடி கொட்டுதல், வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாத நிலை. புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரங்கள் ஆகும். அதுவரை தாய் அந்தத் தனி அறைக்குள், பெரும்பாலும் ஒரே ஒரு துணையாளாக, மகளோடு இருப்பார்.

கீமோ தொடங்கும் முன்பே கேட்டாக வேண்டிய ஒன்று உண்டு. இதில் தரப்படும் சில மருந்துகள் சினைப்பையைப் பாதித்து, பிற்காலத்தில் பூப்பெய்துவதிலும் கருவுறுவதிலும் சிக்கல் தரலாம். சினைப்பைத் திசுவைச் சேமித்து வைக்கும் வசதி இவளுக்குப் பொருந்துமா என்பதை அக்காவும் மாமாவும் மருத்துவரிடம் இப்போதே பேச வேண்டும். 7 வயதுக் குழந்தைக்கு இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பிறகு அந்த வாய்ப்பு திரும்பாது.

இனி அக்காவைப் பற்றி. மாற்று சிகிச்சை அறையில் நோயாளியின் எடை, உணவு, காய்ச்சல் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். தாய் சாப்பிட்டாரா, எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தத் தாயைத்தான் ஒவ்வொரு நாளும் சொந்தபந்தங்கள் வரிசையாக அழைத்து "கவுண்ட் ஏறியதா?" (ரத்த அணுக்களின் எண்ணிக்கை கூடியதா) என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது ஒரு கேள்வி, அவருக்கு அது அன்றைக்குப் பத்தாவது முறை. ஏறவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மனம் இற்றுப்போகிறது. பதில் சொல்லும் இந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அக்கா உங்களிடம் மட்டும், அவருக்குத் தோன்றும் நேரத்தில் பேசட்டும். மற்றவர்களுக்கு மாலையில் நீங்கள் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அக்காவை நேரடியாக அழைக்க வேண்டாம் என்று பெரியவர்களிடமும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வேலை, நீங்கள் வாங்கிச் செல்லும் எந்தப் பழக்கூடையையும்விட அவருக்கு உதவும். பழக்கூடையை உள்ளே விடவும் மாட்டார்கள். பூ, கோயில் விபூதி, பிரசாதம், வெளியில் அரைத்த சட்னி எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது. அவற்றில் இருக்கும் பூஞ்சையும் கிருமியும் நமக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளணு இல்லாத உடலுக்கு உயிராபத்து.

அக்காவுக்கு மாற்றாக உள்ளே செல்லக்கூடிய ஒருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். மாமாவா, உங்கள் சித்தியா, நீங்களா என்பதை மருத்துவமனையின் விதிமுறையைக் கேட்டு முடிவெடுத்து, அந்த நபர் கை கழுவும் முறை, மாத்திரை நேரம், லைனை நனையாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றைச் செவிலியரிடம் முன்பே கற்றுக்கொள்ளட்டும். குழந்தையோடு இருக்கப்போகும் அனைவரும் ஃப்ளூ தடுப்பூசியைச் சேர்க்கைக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்வது நல்லது. சளி, கண்வலி, காய்ச்சல் இருந்தால் அறைக்குள் போகக் கூடாது. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டாலோ, அம்மை கண்டவரோடு பழகியிருந்தாலோ மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடைக்குட்டிக்கு வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன் அக்கா மகளின் மருத்துவரைக் கேளுங்கள். அது உயிருள்ள கிருமியால் ஆனது, சில வாரங்களுக்கு மலத்தில் வெளியேறும் என்பதால், இந்த நிலையில் இருக்கும் குழந்தை உள்ள வீட்டில் ஊசி வழிப் போலியோ மருந்தையே பரிந்துரைப்பார்கள். அந்தக் கடைக்குட்டிக்குத் தினமும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் அம்மாவைக் காட்டுங்கள். அம்மா தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் 3 வயது நினைக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, சிகிச்சைச் செலவுக்கு வழிகள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று. கோல் இந்தியா நிறுவனத்தின் தாலசீமியா பால் சேவா திட்டம் இன்னொன்று, பொருந்தும் உடன்பிறந்தவர் இருக்கும் தகுதியுள்ள குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை நேரடியாக மருத்துவமனைக்கே தருகிறது. இரண்டுக்கும் நிபந்தனைகள் உண்டு, சிகிச்சை தொடங்கும் முன் விண்ணப்பித்தாக வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். ரயிலில் தாலசீமியா நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் எந்தத் திட்டமும் வேலூரில் எடுக்கும் அறையின் வாடகையையும், வேன் ஓடாத நாள்களுக்கான மாமாவின் வருமானத்தையும், அதே மாதத்தில் வரும் வண்டித் தவணையையும் தராது. குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போவது இந்த இடத்தில்தான். உறவினர்கள் முதல் நாள் கையில் திணிக்கும் மொத்தப் பணத்தைவிட, 6 மாதங்களுக்கு ஒவ்வொருவரும் மாதாமாதம் இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு நீங்கள் வசூலித்து அனுப்புவது பயன் தரும்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்கும். அப்படியில்லை. மருத்துவமனையை விட்டு வந்தபின், சுமார் 100ஆவது நாள்வரை வேலூரிலேயே தங்கி, வாரத்துக்கு ஓரிரு முறையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும். அண்ணனின் அணுக்கள் தங்கையின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கும் ஜிவிஹெச்டி என்ற சிக்கல் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் தலைகாட்டும். உள்ளங்கை, பாதத்தில் சிவந்த தடிப்பு, தொடர் வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் மட்டும் ரத்தம் எடுத்தபிறகுதான் காலை மாத்திரை. ஊர் வீட்டில் சுண்ணாம்பு அடிப்பது, ஓடு மாற்றுவது, ஒட்டடை அடிப்பது எல்லாவற்றையும் அவள் திரும்பும் முன்பே முடித்துவிடுங்கள். மாட்டுத் தொழுவமும் கோழிக் கூடும் அவள் புழங்கும் இடத்திலிருந்து விலகியிருக்கட்டும். மொட்டை போடும் வேண்டுதல் காத்திருக்கலாம்.

நான் பார்த்தவரை, அறைக்குள் இருந்தவரை கல்லாக நின்ற தாய்மார்கள் பலர், மகள் தேறத் தொடங்கிய பிறகுதான் உடைந்து அழுகிறார்கள். அக்கா காரணமின்றி எரிந்து விழுந்தாலோ, தூக்கமில்லாமல் கிடந்தாலோ, எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, "குழந்தைதான் நல்லாயிருக்கிறாளே" என்று சொல்லி அடைத்துவிடாதீர்கள். அரசின் டெலி மனஸ் எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, நோய் யார் வீட்டிலிருந்து வந்தது என்ற பேச்சு. தாலசீமியா மேஜர் வருவதற்குத் தாய், தந்தை இருவருமே கடத்திகளாக இருந்தாக வேண்டும். ஒருவரிடமிருந்து மட்டும் வர முடியாது. இதை மாமாவின் வீட்டாரிடம் நீங்கள் சொல்வதைவிட, அடுத்த முறை செல்லும்போது அவர்களில் ஒருவரையும் அழைத்துச் சென்று மருத்துவர் வாயால் கேட்கச் செய்யுங்கள். இதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் அக்கா கடத்தி என்றால் உங்கள் பெற்றோரில் ஒருவராவது கடத்தி. ஆகவே நீங்களும் கடத்தியாக இருக்கக் குறைந்தது இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. கடத்திக்கு நோய் எதுவும் தெரியாது. ஹெச்பிஏ2 என்ற ஒரு வகை ஹீமோகுளோபினின் அளவைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையைத் தை மாதத்துக்கு முன் செய்துகொள்ளுங்கள். நீங்கள் கடத்தி என்று வந்தால் உங்களை மணக்கப்போகிற பெண்ணும் அதே பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அதனால் திருமணம் நிற்க வேண்டியதில்லை. அவரும் கடத்தியாக இருந்தால், கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே கருவைப் பரிசோதிக்க வசதி இருக்கிறது, மரபியல் ஆலோசகர் அதை விளக்குவார்.