அடைப்பை எடுத்தாயிற்று, இன்னும் ஏன் பரிசோதனை?

கேள்வி: என் மகன் பிறந்த சில நாட்களிலேயே சிறுநீர்ப் பாதையில் வால்வு அடைப்பு (வழியை மறிக்கும் சவ்வு மடிப்பு) என்று கண்டுபிடித்து, உள்ளே கருவி விட்டு அகற்றிவிட்டார்கள். இப்போது 7 வயது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் நார்மல். ஆனால் பகலிலேயே ஜட்டி நனைகிறது, தண்ணீரைக் குறைத்தும் நிற்கவில்லை. வருடாவருடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம்தான், அவனுக்கு மீசை முளைத்த பிறகும்கூட. முதலில் தண்ணீரைக் குறைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் இந்த அடைப்பால், வயிற்றில் இருக்கும்போதே சிறுநீர் வெளியேற முடியாமல் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த அழுத்தத்தில் சிறுநீர்ப்பை தடித்து இறுகிவிடுகிறது, சிறுநீரகமும் சரியாக வளர்வதில்லை. ஆபரேஷன் வழியைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதற்கு முன்பே ஏற்பட்ட பாதிப்பு அப்படியேதான் இருக்கும். இப்படிப்பட்ட சிறுநீரகத்தால் பெரும்பாலும் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது, குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சிறுநீர் நிறையப் போகும், நீங்கள் குறைத்தால் உடம்புதான் வறளும். அப்புறம், பை நிரம்பியது பல பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிவதே இல்லை. சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், பாவம்.

உணர்வு வரும்வரை காத்திருக்காமல் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போகவேண்டும், பள்ளியிலும் சொல்லி வையுங்கள். போய்விட்டுச் சில நிமிடம் கழித்து இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்யவேண்டும். பையில் மிச்சம் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் மாத்திரையா, சில பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதுபோல நாமே குழாய் விட்டு வடிப்பதா என்று முடிவு செய்வார். பை அழுத்தத்திலேயே இருந்தால் பாதிப்பு மறுபடி சிறுநீரகத்துக்குத்தான் போகும்.

கிரியாட்டினின் நார்மல் என்பது நல்ல செய்திதான். முதல் வயதுக்குள் அது 0.8 mg/dL-க்குக் கீழே இறங்கியதா என்று பழைய ரிப்போர்ட்டைப் பாருங்கள், இறங்கியிருந்தால் பெரும்பாலும் பயம் குறைவு. ஆனால் பருவ வயதில் உடம்பு வேகமாக வளரும்போது சிறுநீரகத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். இந்த அடைப்போடு பிறந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு என்றாவது சிறுநீரகம் செயலிழக்கிறது. அதனால்தான் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஸ்கேன் எல்லாம் வருடாவருடம். காய்ச்சல் வந்தால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், டாக்டர் சொல்லாமல் இபுபுரூஃபன் என்ற காய்ச்சல், வலி மருந்து மட்டும் வேண்டாம்.