ஏழாலைக் கிணற்றுக் கல்லில் தங்கம் இருக்குமா?

கேள்வி: யாழ்ப்பாணம் ஏழாலையில் எங்கள் தோட்டக் கிணற்றை ஆழமாக்கினோம். வெட்டிப் போட்ட கல்லில் மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக மின்னுகிறது. ஒருவர் வந்து பார்த்து, "கீழே தங்கத் தாது ஓடுது, ஸ்கானர் பிடிக்க ஒன்றரை லட்சம் தாங்கோ, குழாய்க்கிணறு அடிச்சு எடுப்பம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தங்கம் எல்லாக் கல்லிலும் சேராது. நிலத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் கொதிக்கும் நீர் பாறையிலிருந்து பொன்னைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியே ஏறும். சூடும் அழுத்தமும் குறைகிற இடத்தில், பாறை வெடிப்புகளை நிரப்பும் வெள்ளைக் குவாட்ஸ் (படிகக்கல்) நரம்புகளில் அதைப் படியவிடும். இந்தியாவின் கோலார் தங்கம் இப்படி வந்ததுதான். அங்கே மூன்று கிலோமீற்றருக்கும் கீழே போய் வெட்டி, 2001 இல் மூடினார்கள். அப்படிப்பட்ட பாறையை ஆறு அரித்தால் மணலிலும் பொன் தங்கும். எங்கள் வழுக்கையாறோ மாரியில் மட்டும் ஓடுவது. அரிக்க அதற்குச் சுண்ணாம்புக்கல்லை விட்டால் என்ன இருக்கிறது? எரிமலைத் தங்கத்தை விடுங்கள், அது நம் ஊர்க் கதையே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல் மயோசீன் காலத்துக் (பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய) கடலடியில் சிப்பியும் சேறும் படிந்து இறுகியது.

"அமெரிக்காவில் சுண்ணாம்புக்கல்லிலேயே எடுக்கிறாங்கள்" என்று காசு கேட்ட அந்தத் தரகர் மடக்குவார். அது உண்மை, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நெவாடாவின் கார்லினில் 1960களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே சூடான அமிலநீர் ஏறிச் சுண்ணாம்பை அரித்து, பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமத்துக்குள் பொன்னை ஒளித்துவைத்தது. தொன்னுக்குச் சில கிராம்தான் இருக்கும். பொன் துகளைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலும் பார்க்க முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்லும். ஆக, மினுமினுப்பைக் காட்டிக் காசு கேட்பவர் கார்லினைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. கையில் பிடிக்கும் ஸ்கானரும் உலோகக் கட்டிக்குத்தான் கத்தும், இந்தத் தூளுக்கு அல்ல. நேற்றுவரை புதையல் தேடித் திரிந்த பெட்டி இன்று தாது தேட வந்திருக்கிறது.

உங்கள் கல்லில் மின்னுவதும் பெரும்பாலும் பைரைட்தான். சுத்தியலால் தட்டுங்கள்: பொன் என்றால் தகடாகும், பைரைட் பொடியாகும். தரை ஓட்டின் மினுக்காத அடிப்பக்கத்தில் உரசினால் பைரைட் கறுப்பாகக் கோடு விடும். மனம் கேட்காவிட்டால் கஸ்தூரியார் வீதியில் ஒரு பத்தரிடம் கொடுங்கள், உரைகல்லில் உரைத்துச் சொல்லிவிடுவார்.

கல்லில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு அரசாங்கக் கந்தோர் போதும். ஆனால் கல்லோடு போனால் கடிதம் எங்கே என்பார்கள். கடிதத்தோடு போனால் ஐயா கூட்டத்தில் என்பார்கள். அந்த இழுபறியில்தான் தரகர் பிழைக்கிறார். தாது மெய்யாகவே இருந்தாலும் அது அரசுக்குரியது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் உங்கள் காணியில்கூட நீங்கள் தேட முடியாது. தரகர் இதை வாய் திறந்து சொல்லமாட்டார்.

குழாய்க்கிணறு பேச்சையே எடுக்காதீர்கள். இங்கே நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. ஆழ அடித்து இறைத்தால் உவர் ஏறி, உங்கள் வெங்காயமும் பக்கத்துக் காணிக்காரரின் வெங்காயமும் கருகும். கிணற்றை இப்போது இருக்கிற ஆழத்தோடு விடுங்கள்.