மொட்டைக் கடுதாசி அரசியல்

கேள்வி: அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் டி.வி. முழுக்க எதிராளியைத் திட்டும் விளம்பரம்தானாமே? தான் செய்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்க அங்கே யாருக்கும் தெம்பில்லையா? இருநூறு வருஷ ஜனநாயகத்துக்கு இதுதான் லட்சணமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இருநூறு வருஷம் என்று நீங்களே சொன்னதால் அங்கிருந்தே வருகிறேன். 1800 அதிபர் தேர்தலில் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் மோதினார்கள். ஜெஃபர்சனிடம் பணம் வாங்கிவந்த ஜேம்ஸ் காலெண்டர் என்ற எழுத்தாளர், ஆடம்ஸிடம் ஆணின் உறுதியும் இல்லை, பெண்ணின் மென்மையும் இல்லை என்று பிரசுரம் போட்டு, அதற்காக ஜெயிலுக்கும் போனார். பிறகு கேட்ட பதவி கிடைக்காத கோபத்தில், 1802-ல் அதே ஜெஃபர்சனுக்கும் அவர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் இருந்த உறவை அச்சில் ஏற்றினார். 1828-ல் அதிபர் தேர்தலில் நின்ற ஆண்ட்ரூ ஜாக்சனின் மனைவி, முதல் கணவரிடமிருந்து முறைப்படி விலகாமலே மறுமணம் செய்தவர் என்று ஊர் ஊராக ஏசினார்கள். கணவர் பதவியேற்பதற்குள் அந்த அம்மாள் இறந்துவிட்டார். டி.வி. வந்துதான் அமெரிக்கத் தேர்தல் கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிராளியின் குறையைச் சொல்வதே கேவலம் என்கிறீர்களே, அது எனக்குச் சம்மதமில்லை. பதவியில் இருப்பவர் எந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டார், யாரிடம் நன்கொடை வாங்கினார் என்பதையெல்லாம் அவருடைய விளம்பரம் ஒருநாளும் சொல்லாது. எதிராளிதான் சொல்லவேண்டும். சாதனை பேசும் விளம்பரத்தில் பிள்ளைகுட்டிகள், நாய், கொடி எல்லாம் வரும். ஆதாரம் வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். தாக்கும் விளம்பரத்தில் திரையின் கீழே பொடி எழுத்தில் பத்திரிகையின் பெயர், தேதி, மசோதா எண் இருக்கும். ஆதாரம் இல்லையென்றால் மறுநாளே பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும்.

அந்த முப்பது விநாடி எப்படித் தயாராகிறது தெரியுமா? முதல் வேலை, பழைய விவரம் தோண்டுவதற்கென்றே இருக்கும் ஒரு நிறுவனத்தை அமர்த்துவது. அவர்கள் முதலில் தோண்டுவது சொந்த வேட்பாளரைத்தான். எங்கே அடிவிழும் என்று தெரியாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை. பிறகு எதிராளி: சபையில் போட்ட ஓட்டுகள், கோர்ட் வழக்குகள், சொத்துவரி பாக்கி, கம்பெனிப் பதிவுகள், பத்து வருஷத்துக்கு முந்தைய பேச்சு. கிடைத்ததை ஒவ்வொரு வரியாக்கிக் கருத்துக்கணிப்பில் கேட்பார்கள்: “இது தெரிந்தபின் இவருக்கு ஓட்டுப் போடத் தயங்குவீர்களா?” அதிகம் தயங்கவைத்த ஒரு வரி விளம்பரமாகிறது, மற்றவை பெட்டிக்குள் போகின்றன. எதிராளியின் படம் கறுப்பு வெள்ளையில், வாய் பாதி திறந்த நிலையில் உறைந்து நிற்கும். ஒளிபரப்பை ‘பாயின்ட்’ கணக்கில் வாங்குவார்கள். ஆயிரம் பாயின்ட் என்றால் அந்த ஊரில் டி.வி. பார்க்கும் ஒருவர் சராசரியாகப் பத்துத் தடவை பார்ப்பார்.

இதோடு, எதிராளி போகும் கூட்டத்துக்கெல்லாம் கேமராவோடு ஓர் இளைஞரை அனுப்புவார்கள். 2006-ல் வர்ஜீனியா செனட்டர் ஜார்ஜ் ஆலன், அப்படி வந்த இந்திய வம்சாவளி மாணவரைக் கூட்டத்தின் நடுவே ‘மகாகா’ என்று குரங்கினப் பெயரால் அழைத்து, “அமெரிக்காவுக்கு வருக” என்றார். அந்த மாணவர் பிறந்ததே வர்ஜீனியாவில். சுமார் ஒன்பதாயிரம் ஓட்டில் ஆலன் தோற்றார். அந்தப் படத்தை ஊருக்குக் காட்டியதை எதிர்மறைப் பிரசாரம் என்று ஒதுக்கச் சொல்கிறீர்களா? நான் ஒதுக்கமாட்டேன்.

ஏமாற்று நுழையும் இடமும் எனக்குத் தெரியும். ஐந்நூறு பக்க மசோதாவை வேறு காரணத்துக்காக எதிர்த்தவரை, உள்ளே இருந்த ஒரே ஒரு பிரிவை உருவி, “முன்னாள் ராணுவத்தினரின் உதவித்தொகையை எதிர்த்தவர்” என்று காட்டிவிடலாம். மசோதா எண் சரி, தேதி சரி, சொன்னது மட்டும் பொய். கீழே ஆதாரம் ஓடுகிறதே என்று அசந்துவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இவ்வளவு தாக்குவதற்கு முதல் காரணம் களத்தில் இரண்டே பேர் இருப்பது. ஒருவருக்குக் குறைந்தால் மற்றவருக்கு லாபம். மூன்றாமவர் இருந்தால் கணக்கு மாறிவிடும். 2004 ஜனவரியில், கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அயோவா மாநில உட்கட்சித் தேர்தலில் ஹோவர்ட் டீனும் ரிச்சர்ட் கெப்ஹார்ட்டும் ஒருவரையொருவர் குதறிக்கொண்டார்கள். ஜான் கெர்ரி முதலிடம், ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாமிடம், சண்டை போட்டவர்கள் மூன்றும் நான்கும். 2012-ல் மிசூரியில் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். எதிர்க்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் டாட் ஏக்கினை “மிதமிஞ்சிய பழமைவாதி” என்று விளம்பரம் செய்தார். திட்டுப்போல இருந்தாலும் அக்கட்சிக்காரர்களுக்கு அது சிபாரிசு. ஏக்கின் வேட்பாளரானார், நவம்பரில் அந்த அம்மையாரே அவரைத் தோற்கடித்தார்.

திட்டினால் ஜெயிக்கலாம் என்ற பொதுவான எண்ணமும் உறுதியானதல்ல. 2007-ல் 111 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய அரசியல் அறிஞர்கள், தாக்குதல் மனதில் பதிகிறதே தவிர ஓட்டாக மாறுகிறது என்பதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்றார்கள். அரசாங்கத்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கைதான் சற்றுக் குறைகிறதாம். அடித்தவருக்கே திரும்பி வருவதும் உண்டு. 2008-ல் வட கரோலினாவில் செனட்டர் எலிசபெத் டோல், தன்னை எதிர்த்து நின்ற கே ஹேகனை நாத்திகர்களின் கூட்டாளியாகச் சித்திரித்து, கடவுள் இல்லை என்று சொல்லும் வேறொரு பெண்ணின் குரலை விளம்பரத்தின் கடைசியில் சேர்த்தார். ஹேகன் சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். டோல் தோற்றார்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தாக்குதலுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போனதில்தான்.

1964 செப்டம்பர் 7 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் தரப்பு ஒரு விளம்பரம் போட்டது: பூவிதழ் எண்ணும் சிறுமி, பின்னணியில் அணுகுண்டுக்கான எண்ணிக்கை, குண்டு வெடிப்பு. எதிர்த்து நின்ற பேரி கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. காசு கொடுத்துப் போட்டது ஒரே தடவை. மீதியைச் செய்திகளே காட்டின. கொடுமையான விளம்பரம். ஆனாலும் ஜான்சனின் குரலே அதில் வந்தது, அவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று முடிந்தது. பிடிக்காதவர் அவரையே கேட்கலாம்.

1988 அதிபர் தேர்தலுக்கு வாருங்கள். ஜூலையில் கருத்துக்கணிப்பில் மைக்கேல் டுகாகிஸ் ஜார்ஜ் புஷ்ஷைவிட 17 புள்ளி முந்தியிருந்தார். அவர் கவர்னராக இருந்த மாசசூசெட்ஸில் ஆயுள் கைதி ஒருவர் வார இறுதி விடுப்பில் போய்த் திரும்பாமல், மேரிலாந்தில் ஒரு பெண்ணைச் சீரழித்தார். கைதிகளுக்கு விடுப்பு தரும் கொள்கையை விமர்சிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தக் கறுப்பினக் கைதியின் முகத்தை டி.வி.யில் காட்டியது புஷ்ஷின் பிரசாரக் குழு அல்ல, வெளியே இருந்த ஒரு கமிட்டி. எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது புஷ் தரப்பு. பிறகு தன் பங்குக்குக் கைதிகள் சுழல்கதவில் போய்வரும் விளம்பரத்தை, அந்தக் கைதியின் பெயர் சொல்லாமல் போட்டது. டுகாகிஸ் பதில் சொல்லத் தாமதித்தார். நாற்பது மாநிலங்களில் தோற்றார்.

2000-ல் அந்த வெளிக் கமிட்டி முகவரிகூடத் தேவைப்படவில்லை. அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில், நியூ ஹாம்ப்ஷயரில் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஜான் மெக்கெய்ன், தென் கரோலினாவுக்கு வந்தபோது, அவருக்கு முறைதவறிப் பிறந்த கறுப்புக் குழந்தை உண்டு என்று துண்டுச்சீட்டிலும், கருத்துக்கணிப்புபோல நடித்த டெலிபோன் அழைப்புகளிலும் பரப்பினார்கள். அது பங்களாதேஷ் அனாதை இல்லத்திலிருந்து அவர் தத்தெடுத்த பெண்குழந்தை. பிப்ரவரி 19 அன்று தோற்றார். நம் ஊர் மொட்டைக் கடுதாசி எந்த வேலையைச் செய்யுமோ, அதையேதான் இதுவும் செய்தது: பதில் சொல்லலாம் என்றால் யாருக்குச் சொல்வது?

இதற்கு ஒரு மருந்தும் கொண்டுவந்தார்கள். 2002-ல் மெக்கெய்னும் ரஸ் ஃபைன்கோல்டும் கொண்டுவந்த சட்டப்படி, வேட்பாளர் தன் டி.வி. விளம்பரத்தில் முகமோ படமோ காட்டி, “இந்தச் செய்தியை நான் ஏற்கிறேன்” என்று சொந்தக் குரலில் சொல்லவேண்டும். நல்ல சட்டம், ஆனால் அது கட்டிப்போட்டது வேட்பாளரை மட்டும். 2004-லேயே, அதிபர் வேட்பாளராகிவிட்ட கெர்ரியின் வியட்நாம் போர்ப் பதக்கங்கள் பொய் என்று ஒரு வெளி அமைப்பு விளம்பரம் செய்தது. கடற்படை ஆவணங்கள் கெர்ரி பக்கம் இருந்தும், அவர் பதிலடி கொடுக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு வாரமும் செய்தி சேனல்கள் அதைச் சும்மாவே ஓட்டின.

2010-ல் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கிலும், அதைத் தொடர்ந்த இன்னொரு வழக்கிலும் வந்த தீர்ப்புகளால், எவ்வளவு பணமும் வாங்கிச் செலவழிக்கக்கூடிய ‘சூப்பர் பேக்’ என்ற வெளிக் கமிட்டி பிறந்தது. 2024-ல் வேட்பாளருக்கு ஒருவர் நேரடியாகத் தரக்கூடியது ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். சூப்பர் பேக்குக்கு உச்சவரம்பே கிடையாது. வேட்பாளரோடு கலந்து செயல்படக்கூடாது என்பது நிபந்தனை. 2014-ல் செனட்டர் மிட்ச் மெக்கானலின் குழு, அவர் பேசாமல் புன்னகைக்கும் காட்சிகளை யூடியூபில் போட்டுவைத்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் யாரோடும் பேசவேண்டியதில்லை. இப்படித்தான் வேலை பிரிந்தது: வேட்பாளர் சிரிப்பார், கமிட்டி அடிக்கும்.

நம் சட்டம் வேறு வழியில் போகிறது. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) பிரிவின்படி, பொய்யென்று தெரிந்தே வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பேசுவது ஊழல் நடவடிக்கை. ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் தேர்தல் பொய்யைத் தண்டிக்கச் சட்டம் வைத்திருந்தது. பேச்சுரிமைக்கு விரோதம் என்று கோர்ட் ரத்து செய்துவிட்டது. வேட்பாளர் தரும் விளம்பரத்தை டி.வி. நிலையம் வெட்டவும் முடியாது. ஆனால் வெளிக் கமிட்டியின் விளம்பரத்தை நிலையம் மறுக்கலாம், அவதூறு இருந்தால் அதன்மேல் வழக்கும் வரும். அதனால் பாதிக்கப்பட்டவரின் வக்கீல் முதலில் நோட்டீஸ் அனுப்புவது நிலையத்துக்குத்தான்.

யூடியூபில் அப்படியொரு விளம்பரம் கண்ணில்பட்டால் யார் காசு என்ற வரியைப் படியுங்கள். வேட்பாளர் பெயர் இருந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். ‘சுதந்திரம்’, ‘எதிர்காலம்’ என்று ஏதாவது கமிட்டி பெயர் மட்டும் இருந்தால், அது எப்போது பதிவானது என்று தேடுங்கள். கணக்குக் காட்டும் கடைசித் தேதி தாண்டியபின் முளைக்கும் கமிட்டிகள் உண்டு. அவற்றுக்குப் பணம் தந்தவர் யார் என்பது ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் வெளியே வரும்.