கல்லூரிக் கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு குவார்ட்டர்பேக், பட்டம் பெற்ற பிறகு என்ன ஆகிறார்?

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி அளவில் உச்சியைத் தொட்ட ஒருவர் தொழில்முறை ஆட்டத்தில் சோபிக்காமல் போனால் அவருடைய வாழ்க்கை என்னவாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக விடை சொல்வதைக் காட்டிலும், நான் நேரில் ஆடப் பார்த்த ஒருவரின் கதையைச் சொல்லவே விரும்புகிறேன். அவர் பெயர் டேனி வெர்ஃபல்.

1995-இலும் 1996-இலும் நான் கெய்ன்ஸ்வில் நகரில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவனாக இருந்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டம் அறியாதவனாக அங்கே போய் இறங்கிய எனக்கு, சனிக்கிழமைகளில் அந்தச் சிறு நகரமே ஆரஞ்சும் நீலமுமாக மாறி, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மைதானத்தில் கூடுவது முதலில் பெரும் வியப்பாக இருந்தது. அந்த எண்பதாயிரம் பேரின் கண்களும் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆட்டக்காரர் ஒருவர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தருகிறார். அதை வாங்கிய குவார்ட்டர்பேக், தன்னை வீழ்த்த ஓடி வருகிறவர்களுக்கு நடுவே நின்று, மூன்று நான்கு வினாடிகளுக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்துவிட வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையைத்தான் அந்த நாட்டில் மற்ற எல்லா ஆட்ட நிலைகளுக்கும் மேலாக மதிக்கிறார்கள்.

வெர்ஃபல் விமானப்படையில் பணியாற்றிய ஒரு போதகரின் மகன். களத்தில் டச்டவுன் விழுந்ததும், அதாவது பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி கிடைத்ததும், இரு கைகளையும் கூப்பிப் பிரார்த்திப்பார். அது மேடைக்கான பாவனை அல்ல என்பது, பெண்களின் ஆடையற்ற படங்களுக்குப் பேர்போன ப்ளேபாய் இதழ், தான் தேர்ந்தெடுக்கும் தேசியக் கல்லூரி அணியில் அவருக்கு இடம் அளித்தபோது, தன் நம்பிக்கைக்கு அது ஒவ்வாது என்று அவர் மறுத்துவிட்டதிலிருந்து எல்லோருக்கும் தெரிந்தது. 1996 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்காக நடந்த ஃபியெஸ்டா போல் இறுதியாட்டத்தில் நெப்ராஸ்காவிடம் 62-24 என்ற கணக்கில் ஃபுளோரிடா நொறுங்கிய இரவில், விடுதிக் கூடத்தில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பருவத்தில் அவர் 39 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து, அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதையும், படிப்பிலும் ஆட்டத்திலும் ஒருசேரச் சிறந்தவருக்கான டிராடி விருதையும் பெற்றார். அவருடைய பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர், 1966-இல் அதே பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக அதே ஹைஸ்மன் விருதை வென்றவர். நவம்பர் இறுதியில், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஃபுளோரிடா ஸ்டேட்டின் அணி வெர்ஃபலைத் திரும்பத் திரும்பத் தரையில் சாய்த்து 24-21 என்று வென்றிருந்ததால், 1997 ஜனவரி 2 அன்று சுகர் போல் ஆட்டத்தில் அதே அணியை மறுபடி சந்தித்தபோது, ஸ்பரியர் அவரைச் சில கஜம் பின்னால் நிறுத்திப் பந்தை வாங்கச் செய்தார். அந்தச் சில கஜங்கள் தந்த அவகாசத்தில், அவருடைய எறிதல்களால் அணி மொத்தம் 306 கஜம் முன்னேறியது. ஃபுளோரிடா 52-20 என்ற கணக்கில் வென்று முதல்முறையாகத் தேசியப் பட்டம் சூடியது. அந்த ஆட்டம் நடந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டுத் தேர்வில், அதே நகரத்தின் செயின்ட்ஸ் அணிதான் அவரை நான்காம் சுற்றில், 99-ஆவது ஆளாக எடுத்துக்கொண்டது. நாட்டின் முதல் ஆட்டக்காரர் என்று விருது பெற்ற ஒருவர் ஏன் 99-ஆவதாகப் போகிறார் என்று கேட்பீர்கள். கல்லூரியில் முதல் தரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. தொழில்முறையில் அப்போது முப்பது அணிகள்தாம் இருந்தன. கல்லூரியில் தடுக்க வருபவர்களுள் சிலரே மின்னல் வேகக்காரர்கள். தொழில்முறையிலோ எல்லோருமே அப்படிப்பட்டவர்கள். வெர்ஃபலின் பலம் சரியான நேரக்கணக்கிலும் ஆட்டத்தைப் படிக்கும் திறனிலும் இருந்ததே தவிர, கைவலிமையில் இல்லை. ஆறு பருவங்களில் நான்கு அணிகளுக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது பத்தே ஆட்டங்களில். எறிந்த டச்டவுன்கள் 12, எதிரணியின் கையில் சிக்கியவை 22. இடையில் 2000-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ரைன் ஃபயர் அணிக்காக ஆடி அந்தத் தொடரின் பட்டத்தை வென்று கொடுத்தார். 2002-இல் வாஷிங்டன் அணிக்குப் பயிற்சியாளராக வந்த ஸ்பரியர் தன் பழைய மாணவனைக் கூடவே அழைத்துக்கொண்டார். அதன்பிறகு வாய்ப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குக் கல்வி உதவித்தொகையைத் தவிர வருமானம் கிடையாது. தம் பெயரை வைத்து அவர்கள் சம்பாதிக்க விதி இடம் கொடுத்தது 2021-இல்தான். எனவே பெரும்பாலோருக்குத் தொழில்முறை வாசல் மூடினால் ஆட்டத்திலிருந்து வந்திருக்கக்கூடிய வருமானமும் அதோடு முடிந்துவிடும்.

பலர் அவர் வரலாற்றை இந்த இடத்தில் நிறுத்தி, 'தோற்றுப்போனவர்' என்ற பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரும் வருத்தம் தரும் செயல். செயின்ட்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அந்த நகரின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றான டிசையரில், டிசையர் ஸ்ட்ரீட் மினிஸ்ட்ரீஸ் என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பு பையன்களுக்கிடையே செய்துவந்த பணியில் அவர் ஈடுபடத் தொடங்கியிருந்தார். 2004-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கேயே முழுநேரப் பணியில் சேர்ந்தார். மாற்று இல்லாமல் போய்ச் சேர்ந்த இடமல்ல அது. ஆட்டம் முடியும் முன்பே அவர் கால் ஊன்றிவிட்ட இடம்.

மறு ஆண்டு, 2005 ஆகஸ்ட் 29 அன்று, கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நகரைக் காத்த கரைகள் உடைந்தன. அவர் வீடும் அமைப்பு நடத்திய பள்ளியும் நீரில் மூழ்கின. மாணவர்கள் பல மாநிலங்களுக்குச் சிதறிப்போனார்கள். அவர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ஃபுளோரிடாவின் வடமேற்குக் கரையோரத்தில் ஒரு முகாமில் பள்ளியை மறுபடியும் திறந்தார்கள். பின்னர் அந்தப் பள்ளி நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமைப்பின் தலைமையை ஏற்ற வெர்ஃபல், அட்லாண்டா பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஒரே இடத்தில் பள்ளி நடத்துவதற்குப் பதிலாக, தென்மாநில நகரங்களின் வறிய பகுதிகளில் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருப்பவர்கள் சோர்ந்து விலகிவிடாமல் தாங்கிப் பிடிப்பது என்று வேலையின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்.

2011 ஏப்ரலில் கெய்ன்ஸ்வில் மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே ஆண்டில், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் அவருக்கு வந்தது. ஒரு காலத்தில் எண்பதாயிரம் பேர் பார்த்திருக்க ஐம்பது கஜம் பந்தெறிந்தவர், சிறு வேலைகளுக்கே களைத்துப்போகும் நிலைக்கு வந்து, பல மாதங்கள் ஓய்வெடுத்து மெல்ல மெல்லத் தேறினார். அந்தச் செய்தியைப் படித்த நாளில், அறிமுகமே இல்லாத ஒரு மனிதருக்காக நான் மனமுருகி வேண்டிக்கொண்டது உண்மை.

சமூகத் தொண்டில் சிறந்து நிற்கும் கல்லூரி ஆட்டக்காரருக்கு 2005 முதல் ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு விருது வழங்குகிறார்கள். டச்டவுனுக்குப் பின் கைகூப்பி நிற்கும் அவருடைய உருவம்தான் அந்த விருதின் சிலை. ஃபுளோரிடாவின் இன்னொரு ஹைஸ்மன் வெற்றியாளரான டிம் டீபோவும் 2008-இல் அதைப் பெற்றிருக்கிறார். ஆனால், கத்ரீனா வந்த அந்த ஆண்டில் முதல் விருதைப் பெற்றவர் லூசியானா ஸ்டேட் அணியின் ரூடி நிஸ்வாங்கர். நடுவில் குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைக் குவார்ட்டர்பேக்கின் கைக்குக் கொடுக்கும் ஆட்டக்காரர்.