கழுவியதும் பிரியும் லேஸ் கிரீடம்: கோளாறு எங்கே?

கேள்வி: ஆறு வயது மகளுக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் தேவதை வேடம். கிரீடத்தையும் கழுத்துப் பட்டையையும் எம்பிராய்டரி மெஷினிலேயே லேஸாகத் தைக்கப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது 10×10 செ.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்). மெஷினோடு வந்த பூ டிசைன் ஒன்றைத் தண்ணீரில் கரையும் பிலிம் மேல் தைத்துக் கழுவினேன். இதழெல்லாம் பிரிந்து நூல் சிக்காகக் கையில் வந்தது. பிறகு லேஸுக்கென்றே விற்கும் டிசைனை வாங்கித் தைத்தேன். அது பிரியவில்லை, ஆனால் துவண்டு தொங்குகிறது. கிரீடத்தை நிற்க வைக்க என்ன வழி?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலாவது டிசைனில், இரண்டாவது கழுவியதில்.

துணியில் போடும் பூவின் ஒவ்வொரு இதழும் துணியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பக்கத்து இதழோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடியில் இருப்பது கரைந்துவிட்டால் இதழ்கள் பிரியாமல் என்ன செய்யும்? லேஸ் டிசைனில் முதலில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஓட்டுத்தையல் விழும். அந்த வலையைச் சுற்றிப் பிடித்தபடிதான் சாட்டின் தையல், அதாவது இடைவெளியில்லாமல் நெருக்கமாக விழும் பளபளப்பான தையல், மேலே ஏறும். வாங்குவதற்கு முன் தையல் விழும் வரிசையைத் திரையில் ஓட்டிப் பாருங்கள். வலை முதலில் வருகிறதா, ஒவ்வொரு பாகமும் அடுத்ததன் மேல் ஒரு மில்லிமீட்டராவது ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். அளவைக் கூட்டிக் குறைக்காதீர்கள். சுருக்கினால் தையல் நெருங்கி அடித்தாளையே அறுத்துவிடும். பெரிதாக்கினால் வலைக்கும் சாட்டினுக்கும் இடையே இடைவெளி விழும்.

கடைகளில் ஜிபிஓ லேஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதே சூத்திரம்தான். கிப்யூர் என்ற பெயர்தான் நம் ஊரில் ஜிபிஓ ஆகிவிட்டது. 1880-களில் ஜெர்மனியின் பிளவன், சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் பட்டறைகளில் பட்டின் மேல் பருத்தி நூலால் தைத்து, பிறகு ரசாயனத்தில் பட்டைக் கரைத்துவிடுவார்கள். நமக்குத் தண்ணீரே போதும்.

பிலிமும் உங்களுக்குக் கைகொடுத்திருக்காது. டர்க்கி டவல் போன்ற துணியில் தையல் புதையாமலிருக்க மேலே விரிக்கும் மெல்லிய தாள் அது. நெருக்கமான தையல் விழுந்தால் தபால்தலை ஓரம்போலத் துளைத்துக் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் டிசைன் நகரும், சாட்டின் வலையைத் தவறவிடும். நல்ல லேஸ் டிசைனும் பிரிவது இப்படித்தான். துணிபோல நாராக இருக்கும் கரையும் ஸ்டெபிலைசரை, அதாவது தையலுக்கு அடியில் தாங்கலாகப் போடும் தாளை, இரண்டு மடிப்பாகப் போடுங்கள். பார்வைக்கு அது பேப்பர் கேன்வாஸ் மாதிரியே இருக்கும், கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு. மூலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு விரலால் தேயுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கொழகொழவென்று ஆகாவிட்டால் அது கரையும் தாள் இல்லை.

ஹூப்பில் தாள் தம்பட்டம்போல விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்தால் இடையில் இழுத்துவிடாதீர்கள். கழற்றி மறுபடி மாட்டுங்கள். 75/11 ஊசி, நிமிடத்துக்கு 500 தையல் வேகம். மேலே போடும் 40-ஆம் எண் பாலியஸ்டர் நூலையே அதே நிறத்தில் பாபினிலும் சுற்றுங்கள். லேஸில் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, வெள்ளை பாபின் நூல் போட்டால் ஓரமெல்லாம் வெள்ளை எட்டிப் பார்க்கும். இந்த நூல் தடிமன் என்பதால் பாபினில் குறைவாகத்தான் ஏறும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் புது பாபின். நடுவில் தீர்ந்தால் இணைப்பு விழும் இடம்தான் பிறகு முதலில் பிரியும். ஜரிகை நூல் வேண்டுமென்றால் மேலே மட்டும் போடுங்கள். 90/14 ஊசி, வேகம் 400. தைத்து எடுத்த துண்டு கிண்ணம்போலக் குவிந்தால் மேல்நூல் டென்ஷன் அதிகம், ஒரு படி குறையுங்கள்.

கிரீடத்துக்குக் கணக்கு இது. மகளின் தலைச் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், 52 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 7 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரத்தில் ஐந்து துண்டு, மொத்தம் 35. பின்பக்கம் மீதியுள்ள 17 செ.மீ.க்கு 12 செ.மீ. எலாஸ்டிக், இழுபட்டுச் சரியாகிவிடும். ஒரு துண்டில் 12,000 தையல் இருந்தால் ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும். அதாவது போட்டிக்கு முந்தின இரவில் முடிகிற வேலை இல்லை.

கழுவுவதற்கு முன்பே தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள், ஈரத்தில் வெட்டப் போனால் சிக்கும். தாளை ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். நறுக்கியதை எறியாதீர்கள், அதுதான் உங்கள் கஞ்சி.

துவளுவதற்குக் காரணம், முழுக்கக் கழுவியது. கரைந்த தாள் ஒரு பசை. நூலுக்குள் அது கொஞ்சம் தங்கிக் காய்ந்தால்தான் லேஸ் விறைக்கும். கிரீடத் துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் அலசி, ஓட்டைகளில் படலம் போனதும் எடுத்துவிடுங்கள். விரலுக்கு வழவழப்பு இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பிக் காயவிடுங்கள். செய்தித்தாளில் போட்டால் மை ஏறும். குண்டூசி குத்துவதாக இருந்தால் துருப்பிடிக்காதது வேண்டும்.

காய்ந்ததும் துண்டுகளைப் பக்கம் பக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வைத்து, 3 மி.மீ. அகல ஜிக்ஜாக்கில் இணையுங்கள். அடி ஓரத்தில் 24 கேஜ் கம்பியைக் கையால் கோத்துத் தைத்து, முனைகளை வளைத்து மடக்குங்கள், குழந்தையின் நெற்றியில் குத்தக் கூடாது. பிறகு 16 அல்லது 17 செ.மீ. விட்டமுள்ள சில்வர் டப்பாவில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றுங்கள். நறுக்கிய தாள்களை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்து, புடவைக்குப் போடும் கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, கிரீடத்தில் பிரஷ்ஷால் தடவி, டப்பாவைச் சுற்றிக் கட்டி ஓர் இரவு மின்விசிறியில் விடுங்கள். நிஜ அரிசிக் கஞ்சி வேண்டாம். அடர்நிற நூலில் வெள்ளையாகப் பூத்துவிடும். எலாஸ்டிக்கும் முத்தும் கடைசியில்தான். இப்போது தொங்கிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டையும் வீணாக்க வேண்டாம். இதே கரைசலில் முக்கிக் காயவைத்தால் நிமிர்ந்துவிடும்.

கழுத்துப் பட்டைக்கு இதற்கு நேர்மாறு. பசை மிச்சமிருந்தால் வியர்வையில் பிசுபிசுத்துத் தோலில் ஒட்டும். மூன்று நான்கு முறை நீரை மாற்றி, வழவழப்பு அறவே போகும்வரை கழுவுங்கள். கழுத்தில் அது வளைந்து கிடப்பதே அழகு. பின்னால் ரிப்பன் முடிச்சுப் போடாதீர்கள், 2 செ.மீ. வெல்க்ரோ தையுங்கள். எங்காவது மாட்டி இழுத்தால் அது தானாக விட்டுவிடும்.

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் ஈரக்காற்று பட்டால் கிரீடம் மறுபடி தளரும். போட்டி நாள்வரை ஜிப் கவரில் சிலிகா பொட்டலத்தோடு வைத்திருங்கள். மீதித் தாளுக்கும் அதே கவர்தான். மேடையேறும் நேரத்தில் துவண்டால் டப்பாவில் மாட்டி ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் காற்றடியுங்கள். தண்ணீர் தெளித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.